ஜெபராணி கேடி ஆன கதை

“ஒண்ணு கேக்கேன் டீச்சர், நேராச் சொல்லுங்க. எம்மவ என்ன செஞ்சா? களவாண்டாளா? யாரையும் அடிச்சாளா? பின்ன என்னத்துக்கு அவளக் கேடின்னு சொல்லுதிய?”

தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், ஒரு மாடிப் பட்டறை. ரெக்சின் வாசனையும் பசை வாசனையும் மூக்கில் ஏறின. இரும்பு ஏணியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. எதிரே நின்றவர் செல்வராஜ். பை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். எங்கள் கல்லூரியில் முதலாண்டு பி.காம். படித்துக்கொண்டிருந்த ஜெபராணியின் அப்பா.

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்தக் கல்லூரி ஒரு பெண்ணைக் கேடி என்று சொல்லும்?

இதை எழுதும்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது. மொத்தமே ஒரு வாரக் கதைதான். ஆனால் இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் அப்படி ஒரு வாரம் எனக்கு வாய்க்கவில்லை. அந்த வாரத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டேனா என்பதே ஞாபகமில்லை.

அஸ்மிதாவின் காலை வகுப்பு

செம்பூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக மறுபடி சொல்லி வைக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. இனிமேல் நம் தேர்வை நாமே நடத்தலாம், நம் விதிகளை நாமே எழுதலாம்.

ஆசிரியர் அறையில் ஒரே குதூகலம். சமோசா வாங்கிக் கொண்டாடினோம். நிர்வாகக் குழுவுக்கு ஆசிரியர் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்து அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தி. வாய் ஓயாதவளை அங்கே அனுப்பினால் இங்கே கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்று நினைத்து ஓட்டுப் போட்டார்களோ என்னவோ.

குழுவுக்குப் போன பிறகுதான், நாமே எழுதும் விதி என்றால் ‘நாம்’ யார் என்பது தெரிந்தது. அறக்கட்டளையின் செயலாளர் ஒரு விதியோடு வந்தார். தற்காலிக ஆசிரியரை நிரந்தரமாக்க வேண்டுமென்றால், அவர் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அடுத்த பருவத்திலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் நின்றுபோனால் ஆசிரியரும் போகலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விடிகாலை வகுப்பை யார் தலையில் கட்டினோம்? மூத்தவர்கள் நாங்கள் யாரும் அந்த நேரத்துக்கு வரமாட்டோம். அந்த வகுப்பில் இருப்பவர்கள் தாராவிப் பிள்ளைகள், மான்குர்த் பிள்ளைகள். மதியம் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்க்கிறவர்கள். எப்போது யார் நின்றுவிடுவார்கள் என்று சொல்லவே முடியாத வகுப்பு.

அதைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடியவள் அஸ்மிதா. கணக்குப்பதிவியல் ஆசிரியை. சின்னப் பெண், மராட்டிக்காரி. கல்யாணிலிருந்து முதல் லோக்கலைப் பிடித்து வருவாள். அப்பா காலமாகி, தம்பியும் அம்மாவும் அவள் சம்பளத்தில்தான் இருந்தார்கள். தகுதிகாண் காலம் முடிந்து, அவளை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்ததும் அவள் வகுப்பிலிருந்து தாராவித் தமிழ்ப் பெண்கள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போனார்கள். ஒருத்தி இரண்டு பேர் என்றால் காய்ச்சல், கல்யாணம் என்று நினைக்கலாம். ஒரே சந்தில் இருக்கிற அத்தனை பேரும்!

அஸ்மிதா இரண்டு தடவை ஜெபராணி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செல்வராஜ் மரியாதையாகச் சாய் வாங்கிக் கொடுத்து, “பச்சி கா தபியத் டீக் நஹி,” பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

“மேடம், நீங்க ஒரு தடவை தமிழ்ல கேட்டுப் பாருங்களேன்,” என்றாள் அஸ்மிதா. நான் கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் காலத்து நிரந்தரம்

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் நிரந்தரமானபோது கூட்டமும் இல்லை, ஓட்டும் இல்லை. அப்போதிருந்த முதல்வர் மாடிப்படியில் எதிரே வந்தார். “மேடம், இனிமே அலமாரிக்குப் பூட்டு வாங்கிக்கலாம்,” என்றார். அவ்வளவுதான். நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும்தான் அங்கே பூட்டிக்கொள்ள அலமாரித் தட்டு உண்டு.

சாயங்காலமே மாட்டுங்கா மார்க்கெட்டில் பூட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினால், “இதுக்கா இப்படிக் குதிக்கறே?” என்றாள். குதித்தேன்தான். பூட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். முதல்வருக்கு என்னைப் பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

“எல்லாரும் கேடிதான் பப்பா”

பட்டறைக்குத் திரும்புவோம்.

“அண்ணா, யாரு அப்படிச் சொன்னா?” என்று கேட்டேன்.

“ஒங்க காலேஜு ஆபீஸ்லருந்துதான். போன் வந்திச்சு. கையெல்லாம் பசை, அதனால ஸ்பீக்கர்ல போட்டேன். ஒரு பொம்பள தமிழ்ல பேசுதாவ. ‘நமஸ்காரம், உங்க பொண்ணு கேடி, சீக்கிரம் காலேஜ் வாங்க, இல்லேன்னா ரொம்பக் கஷ்டம்’ங்காவ. பட்டற முழுக்கக் கேட்டுக்கிட்டிருக்கான். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.”

“நீங்க போய்ப் பார்க்கலையா?”

“போனா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டா? பொட்டப்புள்ள டீச்சர். ஊருக்கு, எந்தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன்.”

ஜெபராணி ஏணியில் ஏறி வந்து நின்றாள். நல்ல உயரம், நெற்றியில் விழும் முடி, அழுது வீங்கிய முகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

“மேடம், பப்பாகிட்ட நான் கித்னா தடவை சொல்லிட்டேன் தெரியுமா? அது பெரிய விஷயமே இல்ல, க்ளாஸ்ல பாதிப் பேருக்கு கே.டி. தான், ஸப்கோ ஹோதா ஹை, எல்லாருக்கும் வர்றதுதான், டீச்சருங்களே படிக்கிறப்ப கே.டி. வாங்கியிருப்பாங்கன்னு சொன்னேன். இன்னும் ஜாஸ்தி கோபப்படறாரு.”

“கேட்டியளா?” என்று செல்வராஜ் என் பக்கம் திரும்பினார். “பாதிப் பேரு கேடியாம். பாடம் எடுக்கவகளும் கேடியாம். பெத்த மவ வாயால சொல்லுதா. அப்பேர்ப்பட்ட எடத்துக்குப் புள்ளைய எப்படி அனுப்ப? இந்தச் சந்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், யாரும் அனுப்பாதியன்னு.”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கே.டி.!

பம்பாயில் கல்லூரி வாசலை மிதித்த யாருக்கும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பாடத்தில் தோற்றாலும் அதைச் சுமந்துகொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம் என்று இங்கே ஒரு ஏற்பாடு. ‘அலவ்ட் டு கீப் டெர்ம்ஸ்’. சுருக்கி ஏ.டி.கே.டி. இன்னும் சுருக்கி கே.டி. ஆங்கிலத்தில் இதன் கடைசி எழுத்து T, போக்கிரிக்குச் சொல்கிற கே.டி.யின் கடைசி எழுத்து D. தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். போனில் கேட்டால் தமிழ்க் காதுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. சிரித்தேன் பாருங்கள், தையல் மெஷின்கள் நின்றுபோகிற அளவுக்குச் சிரித்தேன். செல்வராஜ் முகம் கறுத்துவிட்டது.

“சிரிங்க. நல்லாச் சிரிங்க. ஒங்க புள்ளைன்னா சிரிப்பியளா?” என்றார். சட்டென்று அடங்கினேன். அவர் கேட்டது நியாயம்.

மாப்பிள்ளையின் கூடுதல் பட்டம்

நான் சிரித்ததற்குப் பாதிக் காரணம் என் ஒன்றுவிட்ட அண்ணன். கல்யாணில் இருந்தான். அவனுக்கு வரன் பார்த்தபோது பெரியப்பா ஜாதகத்தின் கீழே உள்ளதை உள்ளபடி ‘பி.காம்., ஏ.டி.கே.டி.’ என்று எழுதி அனுப்பிவிட்டார். பெண் வீட்டார் தமிழ்நாட்டில். பையன் பி.காமுக்கு மேல் இன்னொரு பட்டமும் வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே அது அச்சாகிவிட்டது.

அண்ணி இன்றைக்கும் சண்டை வந்தால், “நீங்க பெரிய ஏ.டி.கே.டி. ஆச்சே,” என்பாள். அதே எழுத்துகள் கல்யாணில் ஒருத்தனை மாப்பிள்ளை ஆக்கின, தாராவியில் ஒருத்தியைக் கேடி ஆக்கின.

எந்தச் சொல்லில் சொல்வது?

சரி, தப்பு புரிந்துவிட்டது. இனி விளக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

“அண்ணா, கே.டி.ன்னா ஒரு பாடத்துல தேறலைன்னு அர்த்தம்.”

“பெயிலா? பெயிலுன்னா முடிஞ்சுது. அதுக்கு என்னத்துக்குக் காலேஜுக்குக் கூப்புடுதிய?”

“இல்லை, பெயில் இல்லை. அடுத்த பருவத்துக்குப் போகலாம்.”

“அப்ப பாஸா?”

“பாஸும் இல்லை.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளும் ஒரு கேடிதான் என்று எழுதியிருந்தது. பொருளாதாரத்தில் கடினமான சித்தாந்தங்களை எல்லாம் கரும்பலகையில் விளக்கியவள் நான். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் கிடைக்காமல் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெபராணி பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் தைத்து முடித்த பைகள். இன்னொரு பக்கம் ஜிப் வைக்காமல் கிடந்த குவியல்.

“பப்பா, பாக்கி,” என்றாள். “ஆறு பேப்பர்ல ஒரு பேப்பர் பாக்கி. அவ்வளவுதான்.”

செல்வராஜ் ஜிப் இல்லாத குவியலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“பாக்கியா?”

“ஆமா, பாக்கி.”

“பாக்கின்னா முடிச்சிரலாம்லா?”

“அதுக்குத்தான் கூப்பிட்டாங்க பப்பா. ஃபார்ம் போட.”

“ஏட்டி, இத மொதல்லயே சொன்னா என்ன? எல்லாரும் கேடி எல்லாரும் கேடின்னு பத்து நாளா என் உயிர வாங்கிக்கிட்டு!”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையே சிரித்தது. நான் என் பங்குக்கு மறுபடி ஆரம்பித்தேன். பாக்கி! தமிழுக்கும் ஹிந்திக்கும் மராட்டிக்கும் ஒரே சொல். இத்தனை வருஷம் அதைப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறோம், யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பசை என் புடவையில் ஒட்டிக்கொண்டது, அது இன்னும் போகவில்லை.

யார் யாரை அனுப்பாதே என்று சொன்னாரோ அத்தனை வீட்டுக்கும் செல்வராஜே போனார். மறுநாள் காலை, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில், பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றார். அஸ்மிதா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

சாவந்த் தாயி

தமிழில் போன் பேசியது யார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எங்கள் ஆபீஸில் சாவந்த் தாயி என்று ஒரு மூத்த கிளார்க். தாயி என்றால் மராட்டியில் அக்கா. செம்பூரில் தமிழர்கள் நிறைந்த கட்டடத்தில் பல வருஷமாகக் குடியிருந்தார். ஹிந்தியில் பேசினால் இந்தப் பெற்றோர் சரியாகக் காது கொடுப்பதில்லை என்று, அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட தமிழில் பேசியிருக்கிறார். பிள்ளைகள் நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பில் செய்த காரியம். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

நான் சிரித்துக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன். தாயி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாலயா அந்தப் பொண்ணுங்க வரல? என்னாலயா அஸ்மிதா வேலை...” என்று மராட்டியில் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

“கூட்டத்துல உங்க பேரை எடுக்க மாட்டேன் தாயி,” என்று கையடித்துக் கொடுத்தேன். அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பென்ஷன் காகிதங்கள் கையெழுத்துக்காகச் செயலாளரின் மேஜையில் கிடந்தன. செயலாளர் எதையும் மறக்கிற மனிதர் இல்லை.

சனிக்கிழமை

பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அஸ்மிதா தப்பித்தாள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் துள்ளிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “அடுத்த பருவத்தில் சேரக் கடைசித் தேதி அன்று அவர்கள் வகுப்பில் இல்லை. விதி அதைத்தான் பார்க்கும். பிறகு வந்தால் சந்தோஷம், ஆனால் கணக்கில் வராது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பெண்கள் அஸ்மிதாவின் பாடத்தால் நிற்கவில்லை, ஒரு போன் அழைப்பைத் தப்பாகக் காதில் வாங்கியதால் நின்றார்கள் என்றேன். கேடி என்றால் என்ன என்று ஹிந்தியில் விளக்கினேன். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆஹா, காரியம் ஆயிற்று என்று நினைத்தேன்.

“சரி, போன் செய்தது யார்?” என்றார்.

“ஆபீஸிலிருந்து.”

“ஆபீஸுக்குப் பெயர் இல்லையா?”

நான் என் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கினேன். மேஜையின் கடைசியில் உட்கார்ந்து கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்த சாவந்த் தாயி, தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

“யார் பேசியது, என்ன பேசியது, ஒன்றும் தெரியாது. இந்தக் கதையை நம்பி நான் விதியை மாற்ற வேண்டுமா? ஓட்டுக்கு விடுகிறேன்,” என்றார் செயலாளர்.

அஸ்மிதாவை நிரந்தரமாக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்கினோம். ஆசிரியர்கள் அனைவரும் தூக்கினோம். முதல்வர் கொஞ்சம் தயங்கி, பிறகு தூக்கினார். கூடாது என்று அறக்கட்டளை ஆட்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். செயலாளர் எண்ணினார். இரண்டு பக்கமும் சமம்.

சமம் என்றால் தலைமை வகிக்கிற செயலாளர் சொல்வதே முடிவு. வெளியே பெஞ்சில் அஸ்மிதா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவு வழியே அவள் கால் ஆடுவது தெரிந்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார்.

அப்போது மேஜைக் கோடியில் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. சாவந்த் தாயி கையைத் தூக்கியிருந்தார்.

“தாயி, நீங்க எழுதுங்க,” என்றார் செயலாளர்.

“மீ பண் மெம்பர் ஆஹே, சர்,” என்றார் தாயி. நானும் மெம்பர்தான். எங்கள் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், அலுவலகப் பணியாளர்களின் பிரதிநிதியாகக் குழுவில் அவருக்கு ஓட்டு உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதிக்கொண்டே இருந்ததால், நான் உட்பட யாருமே அவரை எண்ணியதில்லை.

“அந்தப் போன் நான்தான் பண்ணினேன்,” என்றார் மராட்டியில். “பெயர் கேட்டீங்க இல்லையா, சார். சுமன் சாவந்த். என் தமிழ் சரியில்லை. அஸ்மிதாவோட பாடம் சரியாத்தான் இருந்துச்சு. என் ஓட்டு அவளுக்கு.”

செயலாளர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்ஷன் காகிதம் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கும், தாயியின் ஞாபகத்திலும் இருந்திருக்கும்.

“சரி. கையை இறக்குங்க. தீர்மானத்தை எழுதுங்க,” என்றார் கடைசியில்.

“கையை இறக்கினா ஓட்டும் போயிடும் சார். முதல்ல யாராவது எழுதிடட்டும்,” என்றார் தாயி.

யார் எழுதுவது? முதல்வர் குனிந்துகொண்டார். நான் எழுந்தேன், பிறகு உட்கார்ந்தேன். தாயி இடது கையால் நோட்டையும் பேனாவையும் மேஜைமேல் மெதுவாகச் செயலாளர் பக்கம் தள்ளினார்.

செயலாளர் பேனாவைக் கையில் எடுத்தார். அஸ்மிதாவை நிரந்தர ஆசிரியையாக நியமிக்கப் பெரும்பான்மையோர் ஒப்புதல் அளித்தனர் என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டு முடிக்கும்வரை சாவந்த் தாயி கையை இறக்கவில்லை.